மாங்கூழ் ஆலைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட்: கிருஷ்ணகிரி சீசனைத் தாங்குமா?

ஆலையின் கொள்முதல், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் ஈஆர்பி வகை மென்பொருள் ஈஆர்பிநெக்ஸ்ட். அதற்கு ஐந்துக்கு மூன்றரை. கடைசிவரை படிக்க நேரமில்லாத முதலாளிகளுக்காக மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லியாயிற்று. அந்த மூன்றரை தானாக வராது. ஆலை தன் பக்கத்து வேலையைச் செய்யாவிட்டால் இதே மென்பொருள் ஒன்றரைகூடத் தேறாது. இந்த வட்டாரத்தில் ஈஆர்பி கைவிடப்பட்ட ஆலைகளில் காரணம் கேட்டால் ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்பார்கள். என்றைக்குத் தொடங்கினீர்கள், யாரை அதில் உட்கார வைத்தீர்கள் என்று அடுத்த இரண்டு கேள்வி கேட்டால் பேச்சு மாறும்.

இங்கே பார்ப்பது ஈஆர்பிநெக்ஸ்ட் 15-ஆம் பதிப்பு. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் தோத்தாபுரியும் அல்போன்சாவும் வாங்கிக் கூழாக்கி, டிரம்மிலும் டின்னிலும் அடைத்து அனுப்புகிற நடுத்தர ஆலைதான் அளவுகோல். வருடம் முழுக்க நாற்பது ஐம்பது பேர், சீசனில் அதைப் போலப் பல மடங்கு. ஒன்று அல்லது இரண்டு லைன். அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருள், ஸ்டோரில் எக்செல், லாரி இறங்கும் யார்டில் நோட்டு.

முதல் நல்ல செய்தி, இது திறமூல மென்பொருள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற ஜிபிஎல் 3 உரிமம். இத்தனை பேர் பயன்படுத்தினால் இத்தனை ரூபாய் என்ற லைசென்ஸ் கணக்கு கிடையாது. மே மாதம் பதிவு வேலைக்கு மட்டும் இருபது தற்காலிக ஆள் சேர்த்து ஆகஸ்டில் அனுப்பிவிடும் தொழிலுக்கு இது பெரிய விஷயம். ஆள் கணக்கில் கட்டணம் வாங்கும் மென்பொருளில் முதலாளி மிச்சம் பிடிக்கப் பார்ப்பார். யார்டில் நான்கு பேருக்கு ஒரே லாகின் என்று ஆகும். அதோடு யார் என்ன பதிந்தார் என்ற தடம் செத்துவிடும். இங்கே அந்தச் சாக்குக்கு இடமில்லை.

எடைச்சீட்டில்தான் எல்லாம்

டெமோவில் காட்டுவது டாஷ்போர்டு. ஆலை ஜெயிப்பதும் தோற்பதும் எடைச்சீட்டில். ஒரு சீட்டை எடுத்து அது மென்பொருளுக்குள் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

லாரி பாரத்தோடு 16,480 கிலோ. இறக்கிவிட்டு வெறும் வண்டி 6,230. நிகரம் 10,250. அழுகல், அடிபட்டது, காய்வெட்டு எல்லாம் பார்த்து இரண்டரை சதவீதம் கழிவு போடுகிறார்கள், 256 கிலோ. பணம் போகும் எடை 9,994.

இந்த 256 கிலோவை எங்கே பதிவது? வந்த சரக்கைப் பதியும் பர்ச்சேஸ் ரிசீட் படிவத்தில் ‘ரிஜெக்டட்’ என்று ஒரு கட்டம் தயாராக இருக்கிறது. மென்பொருளை ஆலைக்கு அமைத்துத் தரும் பொருத்துநர்கள் பலர் அதில்தான் போடச் சொல்வார்கள். போட்டால் மென்பொருள் ரிஜெக்ட் கிடங்கு ஒன்றைக் கேட்கும், கழிவு அங்கே போய் உட்காரும். விற்றவருக்குத் திருப்பி அனுப்பப் போகிற சரக்கு என்றுதான் மென்பொருள் அதை நினைக்கிறது. நிஜத்தில் அதில் பாதி குழிக்குப் போய்விட்டது, மீதி கழுவி லைனிலேயே ஏறிவிட்டது. சீசன் முடிவில் அந்தக் கிடங்கில் நூறு டன் பழம் காகிதத்தில் மட்டும் பழுத்துக் கிடக்கும்.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. அந்த லாரியிலிருந்து 5,640 கிலோ கூழ் வந்தது என்று வைப்போம். இறங்கிய எடையின் மேல் கணக்குப் போட்டால் விளைச்சல் 55.0 சதவீதம். பணம் கொடுத்த எடையின் மேல் போட்டால் 56.4. இரண்டில் எதை எடுத்தாலும் குற்றமில்லை. உற்பத்தி மேலாளர் ஒன்றையும் கணக்குப் பிரிவு மற்றொன்றையும் எடுத்தால்தான் வம்பு. 5,000 டன் வாங்கும் ஆலையில் இந்த 1.4 என்பது 70 டன் கூழ். 215 கிலோ டிரம்மில் கணக்கிட்டால் 325 டிரம். இல்லாத சரக்குக்கு ஆர்டர் ஒப்புக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது. பிறகு ‘ஸ்டாக் தப்பாகக் காட்டுது’ என்று மென்பொருளின் தலையில் விழும்.

சரியான ஏற்பாடு இது: பர்ச்சேஸ் ரிசீட்டை யார்டில் திறக்கவே கூடாது. அதில் கட்டங்கள் ஏராளம். யார்டுக்கென்று தனியாக ஒரு டாக்டைப், அதாவது சொந்தப் படிவம், செய்யச் சொல்லுங்கள். வண்டி எண், விற்பவர், ரகம், பார எடை, வெறும் எடை, கழிவு சதவீதம், ஏஜென்ட், குறிப்பு என்று எட்டே கட்டம். தலைப்புகள் தமிழில். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் நிரல் எழுதாமலே ஒரு நாளில் இதைச் செய்துவிடலாம். இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலமே இதுதான். யார்டில் நிரப்பிய இந்தப் படிவம்தான் டோக்கன். அலுவலகத்தில் இருப்பவர் அந்த டோக்கனைச் சரிபார்த்த பிறகு பர்ச்சேஸ் ரிசீட்டாக மாற்றட்டும். இறங்கிய எடை, பணம் போகும் எடை இரண்டும் தனித்தனிக் கட்டமாக நிற்கட்டும். விளைச்சல் எதன் மேல் என்பதை முதலாளி கையெழுத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழுக்க வைக்கும் அறையில் எடை குறைவதையும் மறந்துவிடுவார்கள். காயாக இறங்கிய தோத்தாபுரி சில நாள் கழித்து லைனுக்குப் போகும்போது அதே எடை இருக்காது. அந்தக் குறைவை ஸ்டாக் என்ட்ரியாக, அதாவது சரக்கு மாற்றப் பதிவாக, அன்றன்றே பதிய வேண்டும். பதியாமல் விட்டால் யார்டில் சரக்கு மிச்சம் காட்டும். இப்படிக் கணக்கு உண்மையோடு ஒட்டாமல் போனபின், வேறொரு நாள் இருப்பு போதவில்லை என்று மென்பொருள் தடுத்தால், யாராவது ஸ்டாக் செட்டிங்ஸில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகலாம் என்ற ‘நெகட்டிவ் ஸ்டாக்’ அனுமதியை டிக் செய்வார்கள். அந்த டிக் விழுந்த நாளோடு சரக்குக் கணக்கை நம்பாதீர்கள்.

எடைமேடையோடு நேரடி இணைப்பு இதில் தயாராக வராது. எடை காட்டும் இண்டிகேட்டரின் ஆர்எஸ்-232 கேபிள் வழியாக எடையைப் படித்து, ஏபிஐ எனும் மென்பொருள் இணைப்பு வாசல் மூலம் அனுப்பும் சின்ன நிரல் ஒன்று தேவை. செய்யலாம், ஆனால் முதல் சீசனில் வேண்டாம். கையால் தட்டுங்கள். எடைமேடைப் பிரிண்ட்டையும் டோக்கனையும் இரவு ஷிப்ட் முடிவில் ஒருவர் ஒத்துப் பார்க்கட்டும். இரண்டு புது விஷயத்தை ஒரே நேரத்தில் இறக்கினால், எது பிசகுகிறது என்று கண்டுபிடிக்கவே சீசன் போய்விடும்.

ஒரு முறை வைத்தால் மாற்ற முடியாதவை

பொருள் பட்டியலில் இரண்டு முடிவுகளை முதல் பதிவுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். சரக்கு நடமாட்டம் ஒன்று விழுந்துவிட்டால் மென்பொருள் மாற்ற விடாது. ஒன்று, அடிப்படை அளவு. கூழை ‘டிரம்’ என்று வைத்துவிட்டு அப்புறம் தவிப்பவர்கள் அதிகம். சாதாரணக் கூழ் டிரம்மில் 215 கிலோ, கெட்டியாக்கிய கான்சென்ட்ரேட் 228 கிலோ, ஏ10 டின் 3.1 கிலோ. எல்லாவற்றுக்கும் அடிப்படை கிலோதான். டிரம்மும் டின்னும் மாற்று அளவுகள். இரண்டாவது, பேட்ச், அதாவது ஒன்றாகத் தயாரான சரக்கின் தொகுதி. கூழ்ப் பொருள்கள் அனைத்துக்கும் தொடக்கத்திலேயே பேட்ச் எண் உண்டு என்று டிக் செய்யுங்கள். ஏற்றுமதிக்காரர் ஒருவர் தடம் கேட்கும் நாளில் போய் டிக் செய்ய முடியாது.

பேட்ச் என்பது ஒரு ஷிப்ட்டா, ஒரு நாளா? கிருமி நீக்கும் ஸ்டெரிலைசரும் அடைக்கும் ஃபில்லரும் நிற்காமல் ஓடிய ஒரு ஓட்டம் ஒரு பேட்ச். இடையில் நிறுத்திச் சுத்தம் செய்து மறுபடி தொடங்கினால் அடுத்த பேட்ச். டிரம் எண்களை சீரியல் எண்ணாக வைக்கச் சொல்வார்கள். பல ஆயிரம் டிரம்முக்கு அது யானைக்குச் செருப்புத் தைப்பது போல. பேட்ச்சுக்குள் ஒரு அட்டவணையாக டிரம் எண், நிகர எடை, பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) என்று வைத்தால் கன்டெய்னருக்கான பேக்கிங் லிஸ்ட்டுக்குப் போதும்.

தரப் பரிசோதனைப் பகுதி இந்தத் தொழிலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. பிரிக்ஸ் (தோத்தாபுரிக்குக் குறைந்தது 14), அமிலத்தன்மை, பிஎச், பாஸ்ட்விக் (கூழின் கெட்டித்தன்மை) என்று வார்ப்புரு போட்டு எல்லைகளைக் கொடுத்துவிடலாம். பிஎச் 4.6-க்கு மேல் போனால் அது அமில உணவு என்ற வரம்பையே தாண்டிவிடும். அதற்கு எச்சரிக்கை போதாது, பரிசோதனையில் நிராகரித்தால் என்ன செய்வது என்ற ஸ்டாக் செட்டிங்ஸ் கட்டத்தில் ‘ஸ்டாப்’ வையுங்கள். அடைத்த டிரம் எல்லாம் முதலில் ‘ஹோல்டு’ கிடங்குக்குப் போகட்டும். மாதிரியை அடைகாத்துப் பார்த்து லேப் கையெழுத்திட்ட பிறகே விற்பனைக் கிடங்குக்கு மாற்றம். விற்பனைப் பிரிவுக்கு ஹோல்டு கிடங்கே கண்ணில் படாதபடி அனுமதியைச் சுருக்க முடியும். அவசரமாக லோடு ஏற்ற வேண்டும் என்று இரவு பதினொரு மணிக்குப் போன் வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

விலை பின்னால் வரும் தொழில்

மாங்காயில் பழம் முன்னால் வரும், விலை பின்னால் வரும். பேச்சு முடிவதற்குள் இருபது லாரி இறங்கியிருக்கும். தற்காலிக விலையில் ரிசீட் போட்டுவிட்டு பில் போடும்போது இறுதி விலையைத் தட்டினால் ஈஆர்பிநெக்ஸ்ட் தடுக்கும். காரணம் பையிங் செட்டிங்ஸில் உள்ள ஒரு டிக்: கொள்முதல் முழுக்க ஒரே விலை இருக்க வேண்டும் என்பது. அதை எடுத்தால் பில் போகும். அதோடு விட்டால், சரக்கின் மதிப்பு பழைய தற்காலிக விலையிலேயே நின்றுவிடும். பில் விலையை வைத்துச் சரக்கு மதிப்பைத் திருத்தும் இன்னொரு டிக்கையும் அதே பக்கத்தில் போட வேண்டும். இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் வந்திருப்பவருக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் தெரியுமா, இல்லை தெரிந்ததுபோல் பேசுகிறாரா என்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

பின்தேதி போட்டுப் பதிவது இன்னொரு தலைவலி. மே மாதச் சீட்டு ஒன்று ஆகஸ்டில் கண்டெடுக்கப்பட்டு அந்தத் தேதியிலேயே பதிந்தால், அதற்குப் பின் அந்தப் பொருளில் நடந்த ஒவ்வொரு பதிவின் மதிப்பையும் மென்பொருள் பின்னணியில் திரும்பக் கணக்கிடும். சிறிய சர்வரில் மணிக்கணக்கில் ஓடும், நடுவில் நின்றும் போகும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முந்தைய வாரத்தைப் பூட்டிவிடுங்கள். ஸ்டாக் செட்டிங்ஸில் அதற்கு ஒரு தேதிக் கட்டம் இருக்கிறது. திறக்கும் சாவி ஒருவரிடம் மட்டும்.

என்றைக்குத் தொடங்குவது

பெரிய கம்பெனிகளும் இதில் அடிவாங்கியிருக்கின்றன. அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 11.2 கோடி டாலர் செலவில் சேப் (SAP) எனும் ஈஆர்பி உள்ளிட்ட மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில் இறக்கியது. நான்கு வருட வேலையை 30 மாதத்துக்குச் சுருக்கினார்கள். ஏப்ரலில் முடிய வேண்டியது இழுத்துக்கொண்டு போய் 1999 ஜூலையில்தான் ஓடத் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் வரும், மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவிகிற நேரம் அது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. அவர்களுக்கு ஹாலோவீன், நமக்கு தோத்தாபுரி. ஜூலையில் புது மென்பொருள் என்பது இரண்டு ஊரிலும் ஒரே பலனைத்தான் தரும்.

இங்கே நடப்பது வழக்கமாக இப்படி. ஜூன் கடைசியில் கணக்கு உதைக்கும், முதலாளிக்குக் கோபம் வரும், ‘உடனே ஒரு சாஃப்ட்வேர் போடு’ என்பார். பொருத்துநரும் முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே ஓட்டித் தருகிறேன் என்பார். கோபம் நல்லது. அதை ஒரு தாளில் எழுதிவைத்து ஆகஸ்ட் கடைசியில் எடுங்கள்.

செப்டம்பரில் இப்போதைய நடைமுறையை அப்படியே தாளில் வரைவது. அக்டோபரில் விற்பவர், பொருள், கிடங்குப் பட்டியல்களைச் சுத்தம் செய்வது. நவம்பரும் டிசம்பரும் அமைப்பு வேலை. தீபாவளி வாரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் பிறகு, போன சீசனின் ஐம்பது உண்மைச் சீட்டுகளை எடுத்து, வாங்கியது முதல் பணம் கொடுத்தது வரை திரும்ப ஓட்டிப் பார்ப்பது. எளிதான ஐம்பது எடுக்காதீர்கள். தகராறு ஆனது, பாதி திரும்பியது, இரண்டு பேர் பெயரில் பங்கு போட்டது, முன்பணம் கழித்தது, இவற்றைப் பொறுக்கி எடுங்கள். பிப்ரவரியில் ஸ்டோர் மட்டும் உண்மையாக ஓடட்டும்: டிரம், அசெப்டிக் பை, ரசாயனம், உதிரிபாகம். கூட்டமில்லாத பிரிவு, தவறு நடந்தாலும் லாரி நிற்காது. ஏப்ரல் 1 கணக்குப் புத்தகம் மாறுகிறது. ஏப்ரல் நடுவில் யார்டில் ஒத்திகை. கடிகாரம் வைத்துக்கொண்டு பாருங்கள், ஒரு டோக்கன் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் படிவத்தில் இன்னும் கட்டம் குறைக்க வேண்டும் என்று பொருள்.

சீசன் ஆட்கள் மே மாதம்தான் வருவார்கள், ஒப்பந்தப்படி பயிற்சியோ மார்ச்சிலேயே முடிந்திருக்கும். மே முதல் வாரத்தில் யார்டுக்கும் லேபுக்கும் இரண்டு மணி நேரப் பயிற்சி மூன்று தடவை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இருக்கும் யார்டில் ஸ்கிரீன் படம் போட்ட ஒரே தாள் பெரிய கையேட்டைவிட உதவும். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் தமிழ் மொழி உண்டு என்பார்கள். உண்டு, ஆனால் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். பல இடங்களில் ஆங்கிலமே எளிது. யார்டுப் படிவத்துக்கு உங்கள் ஆட்கள் வாயில் வரும் சொல்லையே போடுங்கள்.

யாரை உட்கார வைப்பது

1994-ல் ஸ்டாண்டிஷ் குரூப் என்ற அமெரிக்க நிறுவனம் மென்பொருள் திட்டங்களைப் பற்றிக் கேட்டறிந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நேரத்துக்கும் பட்ஜெட்டுக்கும் உட்பட்டு முழுதாக முடிந்தவை 16.2 சதவீதம். வெற்றிக்குக் காரணம் என்று முதலில் நின்றவை மூன்று: பயன்படுத்துகிறவர்களின் பங்கு 15.9, மேலிடத்து ஆதரவு 13.9, தெளிவான தேவைப் பட்டியல் 13.0. அந்த அறிக்கையின் கணக்கிடும் முறையைப் பின்னால் ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள், அதனால் சதவீதங்களைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். ஆனால் அந்த வரிசையை நம் ஊர் ஆலைக்குள் பொருத்திப் பார்த்தால் ஒட்டுகிறது.

‘மேலிடத்து ஆதரவு’ என்றால் பணம் கொடுப்பது என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். குடும்ப நிறுவனங்களில் அதன் பொருள் வேறு. அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பையன் இன்னொன்று சொல்வான். மூவரில் ஒருவர் பெயரை எழுதி மற்ற இருவரும் கையெழுத்திட வேண்டும். அவர் வாரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நிலுவை முடிவுகளைத் தீர்க்க வேண்டும். கழிவு சதவீதத்தை யார் மாற்றலாம்? விலை முடிவாகாத லாரியை இறக்கலாமா? ஏஜென்ட் கமிஷன் எடையின் மேலா, தொகையின் மேலா? இவை பொருத்துநர் பதில் சொல்லக்கூடிய கேள்விகளே இல்லை. அவரே சொல்லிவிட்டால், அது அவருடைய போன வாடிக்கையாளரின் பதிலாக இருக்கும்.

அடுத்தது ஆலையின் சொந்த ஆள். யார்டையும் ஸ்டோரையும் தெரிந்த ஒருவர், ஆறு மாதம் அரை நாள் வேறு வேலையிலிருந்து விடுபட வேண்டும். ‘இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கோப்பா’ என்றால் திட்டம் அன்றே முடிந்தது. கணினி படித்த புதுப் பையனைப் போடுவது இன்னொரு பொதுத் தவறு. அவனுக்குத் திரை தெரியும், யார்டில் அவன் சொல்லை எவரும் கேட்கமாட்டார்கள்.

பெயர்ப் பட்டியல்

பழைய நோட்டிலிருந்து விற்பவர் பட்டியலை ஏற்றும்போது முனுசாமி, முனிசாமி, முனியசாமி மூவரும் ஒருவரா மூவரா என்று நோட்டு சொல்லாது. திம்மராயப்பா ஒரு சீட்டில் தமிழில், இன்னொன்றில் ஆங்கிலத்தில், அதிலும் ‘எச்’ ஒன்று கூடியோ குறைந்தோ. போன் எண்ணை அடையாளமாக வைத்தால் அண்ணன் தம்பி நால்வருக்கும் ஒரே எண். வங்கிக் கணக்கு எண்ணை அடையாளமாக வையுங்கள். பணம் எப்படியும் அங்கேதான் போகிறது. பெயரோடு ஊர்ப் பெயரும் கட்டாயம்.

விற்பவர் விவசாயியா வியாபாரியா என்ற கட்டம் ஒன்றும் கட்டாயம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. விளைவித்தவரிடமே வாங்கிய விளைபொருளுக்கு அதில் விலக்கு உண்டு, மண்டி வியாபாரியிடம் வாங்கியதற்கு இல்லை. இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடந்தால் மார்ச்சில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான சீட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டி

இது நன்றாக இருக்கிறது, சுருக்கமாகவே சொல்லலாம். ‘இந்தியா கம்ப்ளையன்ஸ்’ என்ற தனிச் செயலியை நிறுவ வேண்டும். இ-இன்வாய்ஸ், இ-வே பில், ஜிஎஸ்டிஆர்-1, கொள்முதல் ஒப்பீடு எல்லாம் அதில் வரும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம், ஏற்றுமதி பில்லுக்கும் சேர்த்து. 10 கோடிக்கு மேல் என்றால் 2025 ஏப்ரல் 1 முதல் 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். கவனிக்க வேண்டியது ரத்து. இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம்; அதற்குப் பின் கிரெடிட் நோட்தான். பில் போடுகிறவருக்கு இது தெரியாவிட்டால் ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒன்றும் அரசு தளத்தில் ஒன்றுமாக நிற்கும். வரி விகிதத்தை பில் வார்ப்புருவில் நேராக எழுதாமல் பொருளோடு, எந்தத் தேதியிலிருந்து என்ற கட்டத்தோடு வையுங்கள். 2025 செப்டம்பர் 22-ல் விகிதங்கள் மாறியபோது அப்படி வைத்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தத் தடம் அழியாத கணக்கு மென்பொருள் கட்டாயம். ஈஆர்பிநெக்ஸ்ட்டில் சமர்ப்பித்த ஆவணத்தைத் திருத்த முடியாது. ரத்து செய்து, திருத்திய நகல்தான் போட வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு இது எரிச்சல். டேலியில் நினைத்தபோது உள்ளே போய் எண்ணை மாற்றிய கை கொஞ்ச நாள் தவிக்கும்.

டேலியை என்ன செய்வது? இரண்டிலும் பதிவது மட்டும் வேண்டாம். மார்ச் 31 வரை டேலி, ஏப்ரல் 1 முதல் ஈஆர்பிநெக்ஸ்ட், பழையது பார்வைக்கு மட்டும். ஆடிட்டர் டேலிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அவரை அக்டோபரிலேயே கூட்டத்துக்கு அழைத்துவிடுங்கள்.

குறைகள், காசு

இணையம் போனால் இதுவும் போச்சு. இணைப்பில்லாமல் பதியும் வசதி யார்டு வேலைக்குக் கிடையாது. யுபிஎஸ், வேறு கம்பெனியின் 4ஜி இணைப்பு ஒன்று, அதற்கும் மேல் எண் அச்சடித்த மூன்று பிரதி டோக்கன் புத்தகம். காகித எண்ணை எழுத படிவத்தில் ஒரு கட்டம். இணைப்பு வந்ததும் அதே ஷிப்ட்டில் ஏற்றிவிட வேண்டும், மறுநாள் என்றால் பின்தேதி வியாதி தொடங்கிவிடும்.

சொந்த சர்வரில் வைத்தால் காப்பு நகலைச் சோதியுங்கள். வெறும் ‘பென்ச் பேக்கப்’ கட்டளை இணைத்த கோப்புகளை எடுக்காது. ஸ்கேன் செய்த எடைச்சீட்டும் லேப் அறிக்கையும் அதில் வராது. ‘வித் ஃபைல்ஸ்’ சேர்த்தால்தான் வரும். தளத்தின் என்க்ரிப்ஷன் சாவியையும் தனியே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் மீட்டெடுத்த பிறகு, சேமித்த பாஸ்வேர்டுகள் எதுவும் திறக்காது. மார்ச்சில் ஒரு நாள் வேறு கணினியில் முழுதாக மீட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

லைசென்ஸ் இலவசம் என்றவுடன் எல்லாமே இலவசம் என்று நினைக்கக் கூடாது. பொருத்துவதற்கு 60 முதல் 90 ஆள்-நாள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சுத்தத்துக்கும் பயிற்சிக்கும் போகும். பொருத்துநருக்குப் பணத்தை ஐந்து பங்காகப் பிரிப்பது நல்லது: நடைமுறை வரைபடத்தில் கையெழுத்தான பின் ஒன்று, ஐம்பது சீட்டு ஓடிய பின் ஒன்று, யார்டு ஒத்திகைக்குப் பின் ஒன்று, சீசனின் பதினைந்தாம் நாள் ஒன்று, கடைசிப் பங்கு சீசன் முடிந்து சரக்கை எண்ணி ஒத்துப்போன பின். அவர் எழுதும் நிரல் எல்லாம் தனி ஆப்பாக, உங்கள் பெயரிலுள்ள, நிரலைச் சேமிக்கும் கிட் (Git) கணக்கில் இருக்க வேண்டும். மூல நிரலிலேயே கைவைத்துவிட்டார் என்றால் அடுத்த பதிப்புக்கு ஏற முடியாது. அவரை விட்டு வேறு ஆளிடமும் போக முடியாது. சம்பளமும் வருகைப்பதிவும் 14-ஆம் பதிப்பிலிருந்து தனிச் செயலி. முதல் வருடம் அதைத் தொடாதீர்கள்.

யாருக்கு இது வேண்டாம்? வாங்கி விற்கும் தொழிலுக்கு வேண்டாம். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கும் தருமபுரிப் புளி வியாபாரத்துக்கும் டேலியே தாராளம். பேட்ச்சும் லேபும் ஏற்றுமதியும் இருக்கிற ஆலைக்குத்தான் இந்தச் சிரமத்துக்கு விலை கிடைக்கும்.

டெமோ காட்ட வருகிறவரிடம் போன ஜூனின் பத்து எடைச்சீட்டைக் கொடுத்து உங்கள் கண் முன்னால் பதியச் சொல்லுங்கள். அதில் ஒன்றாவது கழிவுத் தகராறு சீட்டாக இருக்கட்டும். 256 கிலோவை எங்கே போடுகிறார் என்று பாருங்கள். ரிஜெக்டட் கட்டத்தில் யோசிக்காமல் தட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். ‘இந்தக் கழிவுப் பழம் அப்புறம் எங்கே போகுதுங்க?’ என்று கேட்டால் அவரை உட்கார வைத்துப் பேசுங்கள்.